கேதார்காந்தாவா, பிரம்மதாலா? வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு எந்தப் பனிமலை

"அண்ணா, வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியாச்சுங்க. கேதார்காந்தா ஏற மாட்டேனுங்களா?" என்று ஈரோட்டுத் தம்பி ஒருவன் கேட்டான். மூச்சுக்கும் முழங்காலுக்கும் வெள்ளியங்கிரியைப் போலப் பயிற்சி கிடையாது. ஆனால் அங்கே வழுக்குப்பாறையில்கூட வெறுங்கால் பிடித்து நிற்கும். உறைந்த பாதையில் எந்தக் காலும் நிற்காது.

மார்கழிப் புல்லில் இருப்பதும் நமக்குப் பனி, ஊட்டியில் வெள்ளையாகப் படர்வதும் பனி. இமயத்தில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த பொடிப்பனியில் கால் புதையும், வழுக்காது. அதையே நூறு பேர் மிதித்து, பகல் வெயிலில் உருகி, இரவில் மறுபடி உறைந்தால் கண்ணாடி மாதிரி கட்டிப்பனி ஆகிவிடும். கூட்டம் அதிகமானால் வழுக்கலும் அதிகம்.

இரண்டு மலைகளையும் நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். இரண்டும் உத்தராகண்டில் இருக்கின்றன. கேதார்காந்தா உச்சி 12,500 அடி, பிரம்மதால் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை.

கேதார்காந்தாவுக்கு சாங்க்ரி கிராமத்தில் இருந்து ஏற வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே திருவிழாக் கூட்டம். உச்சிக்கு விடியலுக்கு முன்பே கிளம்புவார்கள், அதாவது பாதை மிகவும் இறுகிக் கிடக்கும் நேரத்தில். கடைசி ஏற்றமோ செங்குத்து. உச்சியில் இருந்து ஸ்வர்கரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் விடியலில் வெளுப்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் விழுந்தது இறக்கத்தில். வெயில் வந்துவிட்டதே என்று ஷூவில் மாட்டியிருந்த மைக்ரோஸ்பைக் என்ற பல் வளையத்தைக் கழற்றினேன், மர நிழலில் பத்தடி சறுக்கினேன். நிழல் விழும் இடத்தில் மதியம் ஆனாலும் கட்டிப்பனி அப்படியே இருக்கும்.

பிரம்மதாலுக்கு லோஹாஜங்கில் இருந்து போக வேண்டும். கூட்டம் குறைவு, அதனால் பொடிப்பனி அதிக நாள் நிற்கும். அதற்கும் விலை உண்டு: பிப்ரவரியில் முழங்கால்வரை புதைந்து நடந்தால் தொடை கெஞ்சும், மேட்டு விளிம்பில் காற்று அறையும். ஆனால் த்ரிசூல், நந்தா குண்டி சிகரங்கள் நெடுநேரம் கூடவே வரும்.

பொருட்களில் முதலில் மைக்ரோஸ்பைக். ஷூவின்மேல் மாட்டும் ரப்பர் வளையம், அடியில் குட்டி எஃகுப் பற்கள். சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே பலர் இதையே கிராம்பான் என்பார்கள். நிஜக் கிராம்பானுக்கு நீளப் பற்கள், வளையாத பூட் எல்லாம் வேண்டும், இந்த நடைகளுக்கு அது தேவையில்லை. பிரம்மதாலில் பனி ஷூவுக்குள் போகாமல் இருக்க, காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டரும் அவசியம். வெள்ளியங்கிரிக்கு பூண்டி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி இங்கே பனியில் புதைந்து போகும். அடியில் வட்டத் தட்டு உள்ள வாக்கிங் ஸ்டிக்தான் சரி.

அப்புறம் ஒன்று, திருப்பூர்க்காரன் சொல்லக் கூடாததுதான்: பருத்தி பனியனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பைக் குளிர்வித்துவிடும். பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடைதான் வேண்டும்.

தம்பியை பிப்ரவரியில் பிரம்மதால் போகச் சொல்லியிருக்கிறேன். கேதார்காந்தாதான் வேண்டும் என்றால் புத்தாண்டு வாரத்தை விட்டுவிட்டுப் போகட்டும், சாங்க்ரி திரும்பும்வரை மைக்ரோஸ்பைக் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.