அகதியின் சிகிச்சைச் செலவு: ஆன்லைனில் திரட்டுவதா, மருத்துவமனையிலேயே கட்டுவதா?

தெரிந்த அகதி ஒருவருக்கு ஆபரேஷன் என்றதும் பலரும் முதலில் செய்வது ஆன்லைனில் நிதி திரட்டத் தொடங்குவதுதான். பணம் வேகமாக வரும், முகம் தெரியாதவர்களும் கொடுப்பார்கள். ஆனால் திரண்ட பணத்தை எடுக்க வங்கிக் கணக்கும் அடையாள அட்டையும் வேண்டும். பல அகதிகளிடம் இரண்டுமே இருக்காது. வேறொருவர் பெயரில் வாங்க வேண்டிவரும். அதில் தளத்தின் கட்டணமும் போகும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நம்பிக்கைக்காக மருத்துவமனைச் சீட்டைப் படம் பிடித்துப் போடுகிறோம். அதில் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கும். யாரிடமிருந்து அவர் உயிர் தப்பி ஓடிவந்தாரோ அவர்களும் அதைப் பார்க்கலாம். ஊரில் இன்னும் அவருடைய அம்மாவோ தம்பியோ இருக்கலாம். முகமும் பெயரும் இல்லாமல் கேட்டால் தொகை குறையும்தான். குறையட்டும்.

மருத்துவமனையில் நேரடியாகக் கட்டுவதையே நான் முதலில் சொல்வேன். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அறை வாடகை, மயக்க மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் பொருள்) என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டால் குறைக்கக்கூடியது எது என்று தெரியும். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால், கட்டணச் சலுகைக்கு அவரிடம் மனு கொடுத்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். முன்பணத்தில் மீதி இருந்தால் யாருக்குத் திரும்பும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே குறை, பஸ் செலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மாத்திரைகளும் இந்தக் கணக்கில் வராது. அதற்குக் கொஞ்சம் பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

மூன்றாவது வழி ஐ.நா. அகதிகள் முகமை. ஆரம்ப சுகாதாரத்துக்கும் அவசர சிகிச்சைக்கும்தான் அங்கே முன்னுரிமை. செலவு அதிகமான சிகிச்சை என்றால் குணமாகும் வாய்ப்பையும் தொகையையும் எடைபோட்டே முடிவெடுப்பார்கள். காத்திருக்க வேண்டும், மறுக்கவும் செய்யலாம். ஆனாலும் விண்ணப்பித்து வையுங்கள். அவர் தஞ்சம் புகுந்திருக்கும் நாடு 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்குப் பொது உதவியில் குடிமக்களுக்கு இணையான உரிமை உண்டு என்கிறது அதன் 23ஆவது பிரிவு. அரசு மருத்துவமனையில் வாதாட அது உதவும்.

ஒரே ஆபரேஷனோடு முடிகிற நோய் என்றால் நேரடியாகக் கட்டுவதுதான் சரி. டயாலிசிஸ் அப்படியல்ல. வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம், வருடக்கணக்கில். ஆன்லைனில் திரட்டும் பணம் முதல் வாரம் கொட்டும், மூன்றாம் மாதம் நின்றுவிடும். பாதியில் நின்றால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாதாமாதம் போடும் பத்துப் பேர்தான் வேண்டும். யார் எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பில் கவுன்டருக்குப் போங்கள்.