பழைய மிலிட்டரி ஜீப்புக்குப் பெயின்ட் வேலையா? பாபநாசம் பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது

மிலிட்டரி ஜீப் வைத்திருப்பவர்கள் அதைப் பெயின்டுக்கு விடும் முன் ஒரு தடவை பாபநாசம் போய்வாருங்கள். தஞ்சாவூர் – கும்பகோணம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது, டிராக்டர் பட்டறை என்று கேட்டால் காட்டுவார்கள். முக்கால்வாசி நேரம் டிரெய்லருக்குப் பட்டி வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அங்குள்ள பெயின்டர் அண்ணன் அளவுக்குப் பொறுமையாகப் பழைய பெயின்டைப் பிரிக்கிற ஆளை டெல்டாவில் நான் பார்த்ததில்லை.

எங்களுடையது தாத்தா வாங்கிய ஃபோர்டு ஜீபிடபிள்யூ, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜீப். இதே ஜீப்பை அப்போது வில்லீஸ் கம்பெனியும் செய்தது. ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் வில்லீஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் தட்டை, போல்ட் தலைகளில் எஃப் எழுத்தும் இருக்கும். தயாரித்தது யார் என்று இதிலேயே தெரிந்துவிடும். எந்தப் படையில் ஓடியது என்பதை ஆர்.சி. புக் சொல்லாது, பெயின்டுதான் சொல்லும். பல பட்டறைகளில் சாண்ட் பிளாஸ்ட் அடித்து, அதாவது மணலைப் பீய்ச்சி, அத்தனையையும் ஒரே மதியத்தில் அழித்துவிட்டு, பானெட்டில் ஸ்டென்சில் வைத்து அமெரிக்க ராணுவ அடையாளமான வெள்ளை நட்சத்திரம் போட்டுத் தருகிறார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

இவர் தின்னரைத் தொடவே இல்லை. நைஸ் வாட்டர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, பானெட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்த்தார். மேலே நாங்கள் அடித்த வெள்ளை, அதற்கடியில் இரண்டு விதப் பச்சை, கடைசியாக மங்கலான ஆலிவ் பச்சை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் அதில் நீலச் சாம்பலாக 20 என்று தெரிந்தது, பின்னால் பாதி அழிந்த எண்கள். ஜீப் மாதிரி வேவு வண்டிகளுக்கு அமெரிக்க ராணுவம் கொடுத்த முன்னெண் அது. 1945 தொடக்கத்தில்தான் இந்த எண்களை வெள்ளையில் எழுதச் சொல்லி உத்தரவு வந்தது, அதனால் இது அதற்கு முந்திய எழுத்து என்று நினைக்கிறேன். முன் பம்பரில், மேல் பச்சையில் ஓர் அம்புக்குறி கிடைத்தது. நம் ராணுவ வண்டிகளின் நம்பரில் இன்றும் இருக்கிறதே, அதே மேல்நோக்கிய அம்பு. ஆக, அமெரிக்கர்களிடமிருந்து இந்த வண்டி நம் ராணுவத்துக்கு வந்து, அப்புறம்தான் தாத்தாவிடம் வந்திருக்கிறது!

அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது மட்கார்டில்தான். அங்கே சிவப்பாக வளைந்த ஒரு திட்டு தெரிந்தது. 1944-இல் இம்பால், கோஹிமா பக்கம் சண்டையிட்ட 5-ஆவது இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்பில் சிவப்பு வட்டம். ஆசையாக அதைச் சொன்னேன். அவர் ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். சிவப்பு, பச்சைக்கு அடியில் நேராகத் தகரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. "சின்னம்னா பச்சைக்கு மேலதானே தம்பி இருக்கணும், இது ரெட் ஆக்சைடு" என்றார். துருப்பிடிக்காமல் இருக்கப் பெயின்டுக்கு முன் தகரத்தில் அடிக்கும் பூச்சு அது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் எனக்கும் சந்தோஷம், அவருக்கும் கூலி கூடியிருக்கும்.

கிடைத்த இடங்களை அப்படியே விட்டு மேலே நிறமில்லாத கிளியர் கோட் கொடுத்திருக்கிறார். சுற்றி அடித்த பச்சையும் பழையதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

குறை இல்லாமல் இல்லை. வேலை ரொம்ப மெதுவு, பில் கேட்டால் துண்டுச்சீட்டுதான், சீட் கேன்வாஸ் தையல் சுமார். ஐப்பசி, கார்த்திகையில் விடவே விடாதீர்கள், ஈரத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். அறுவடை நேரத்தில் டிராக்டருக்குத்தான் முதல் மரியாதை. பங்குனி, சித்திரை சரியாக இருக்கும். வண்டியைப் பையன்களிடம் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள், கிரைண்டர் போடக்கூடாது என்று அண்ணனிடமே நேரில் சொல்லிவிடுங்கள்.