கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: 4294967297-ஐ வைத்து ஒரு பரிசோதனை

கடையில் கால்குலேட்டரைக் கையில் வாங்கியதும் எல்லோரும் சைன் 30 அடித்துப் பார்ப்பார்கள். நான் அடிப்பது 2-இன் 32-ஆம் அடுக்கு, கூட்டல் 1. விடை 4294967297, சரியாகப் பத்து இலக்கம். இந்த மாடலின் திரையில் ஒன்றுவிடாமல் முழுசாக வரும். அப்புறம் ஷிஃப்ட் அழுத்தி, பாகை-கலை-விகலைப் பொத்தான். அதன் தலைமேல் பொடி எழுத்தில் 'ஃபேக்ட்' என்று இருக்கும், எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும் வசதி அது. நாலு வருஷம் என்ஜினீயரிங் முடித்தவர்களே பலர் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

641×(6700417) என்று வந்து நிற்கும்.

3, 5, 17, 257, 65537. ஒவ்வொன்றிலும் 1 கழித்து, வர்க்கமாக்கி, மறுபடி 1 கூட்டினால் அடுத்தது கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுக்க அப்படியே போகும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். ஆறாவது எண்ணிலேயே, அதாவது நம் 4294967297-இலேயே, கதை முடிந்தது. 1732-இல் கணிதர் ஆய்லர் அதை 641 மீதியின்றி வகுக்கும் என்று காட்டிவிட்டார்.

சரி, அந்த அடைப்புக்குறி எதற்கு? இந்தக் கருவி மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் தேடும். மிச்சம் பெரிதாக இருந்தால் உள்ளே என்ன என்று அதற்குத் தெரியாது. குறிக்குள் போட்டு நம் தலையில் கட்டிவிடும். நான்கு இலக்கப் பகா எண்களில் முதலாவதான 1009-இன் வர்க்கம் 1018081-க்கும் அடைப்புக்குறிதான், பகா எண்ணான 4294967291-க்கும் அதேதான். கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்! என் டியூஷன் பிள்ளைகள் குறியைக் கழற்றிவிட்டு 'பகா எண்' என்று எழுதிவிடுவார்கள்.

6700417-ஐ நாமே சோதிக்கலாம். நம் பத்து இலக்க எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று 1878-இல் கணிதர் லூக்காஸ் நிறுவினார். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். மூன்று இலக்கம் வரை கருவி பார்த்தாயிற்று. அதற்கு மேல் 2588-க்குள் இந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் இரண்டே: 1153, 1409. முதலாவதால் வகுத்தால் மீதி 334, அடுத்ததால் 622. ஆக, பகா எண்தான். இரண்டே வகுத்தலில் அடைப்புக்குறி போயிற்று. இந்தப் பாடத்துக்காகவே கருவியின் குறையை நான் மன்னித்துவிடுவேன்.

இரண்டு குறைத்து 4294967295 அடியுங்கள். 3×5×17×257×65537! அந்த ஐந்து பகா எண்களும் வரிசையாக, குறி எதுவும் இல்லாமல். 65537 ஐந்து இலக்கம்தான். ஆனாலும் 1009-இன் வர்க்கத்துக்குக் கீழே இருப்பதால் கருவிக்குச் சந்தேகம் இல்லை.

சோலாரும் பேட்டரியும் சேர்ந்தே ஓடுவதால் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற கவலை குறைவு. ஃபெர்மா வரிசையின் அடுத்த எண்தான் இதற்கு ஆகாது. 20 இலக்கம், திரையில் 1.844674407×10-இன் 19-ஆம் அடுக்கு என்று சுருங்கிவிடும். 1880-இல் கணிதர் லாண்ட்ரி கண்டுபிடித்த 274177 என்ற காரணியைப் பார்க்க ஆசைப்பட்டால், கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழியைப் போட்டுக்கொள்ளுங்கள், காசும் மிச்சம்.