திறந்த வெளியில் படுக்கை: வலையா, ஃபேனா, க்ரீமா, புகையா?

சித்திரை பிறந்துவிட்டால் வடசென்னையில் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் பாதித் தெரு மாடிக்கு ஏறிவிடும். பகல் முழுக்க வாங்கிய சூட்டை ஆஸ்பெஸ்டாஸ் கூரை ராத்திரியிலும் விடாமல் கக்கிக்கொண்டிருக்கும். கீழே படுக்க முடியாது. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கட்டிப்போட்ட விசைப்படகுகளுக்குக் காவலாக மேல்தளத்திலேயே படுப்பவர்கள் உண்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் ராத்திரித் தூண்டிலுக்குப் போகிறவர்கள் தனிக் கூட்டம். யாரிடமும் கூடாரம் கிடையாது. இந்தப் புழுக்கத்தில் கூடாரத்துக்குள் படுப்பதும் நடக்காத காரியம்.

எது நல்லது என்று கடையில் கேட்டால் எல்லாமே வேலை செய்யும் என்பார்கள். செய்யும்தான், நாலு சுவருக்குள். வெட்டவெளியில் எது பலிக்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. அதனால் முதலில் காற்றையும் கடிப்பவற்றின் நேரத்தையும் பார்த்துவிடுவோம்.

கடிப்பது எது, எப்போது

ராத்திரி நம்மைப் பிடுங்குவது பெரும்பாலும் கியூலெக்ஸ் வகைக் கொசு. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று தேங்கிய சாக்கடைத் தண்ணீர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பெருகும். இருட்டியதும் கிளம்பும், நடுராத்திரியை ஒட்டித்தான் உச்சம். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி சாக்கடையைச் சீந்தாது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். கிணறு போதும், மூடி சரியில்லாத மேல்நிலைத் தொட்டியும் போதும். தலைமாட்டில் மூடி விலகிய தொட்டியை வைத்துக்கொண்டு எந்த க்ரீம் உசத்தி என்று ஆராய்வது வீண். முதல் செலவு தொட்டி மூடிக்கு. டெங்குவின் ஏடிஸ் பகல் கொசு. விடிந்த பிறகும் எழாமல் மாடியில் புரளுகிறவர்களை அதுதான் பிடிக்கும்.

எண்ணூர்க் கழிமுகச் சேற்றோரத்திலும் பழவேற்காட்டுப் பக்கமும் இன்னொன்று இருக்கிறது: 1 முதல் 3 மில்லிமீட்டரே உள்ள பொடிப்பூச்சி. சத்தம் போடாது. கடித்த இடம் கொசுக்கடியைவிடப் பலமாகத் தடித்து, நாள்கணக்கில் அரிக்கும். அந்தி, விடியல், காற்று செத்த வேளை, இவைதான் அதன் நேரம். சாதாரணக் கொசுவலை அதற்கு ஒரு தடையே இல்லை.

இனி காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும். கொசுவின் பறக்கும் வேகம் நாம் நடக்கும் வேகம்கூட இல்லை, அதனால் நல்ல காற்றில் அது வெளியே வராது. ஒன்பது மணிக்குக் காசிமேட்டில் பாயை விரித்து ‘இங்கே கொசுவே இல்லையே’ என்று படுக்கிறவர் அந்தக் காற்றை நம்பித்தான் படுக்கிறார். ராத்திரி ஏற ஏற அது தளரும். பிறகு மேற்கிலிருந்து தரைக்காற்று மெல்ல வரும். மேற்கே இருப்பது கால்வாய். கியூலெக்ஸின் உச்ச நேரமும் அதுதான். படுக்கும்போது இருக்கும் நிலையைப் பார்த்து ஏற்பாடு செய்தால் ஒரு மணிக்கு எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

கொசுவலை

கரண்ட் வேண்டாம், மருந்து வேண்டாம், எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி காக்கும். வெளியில் படுக்க முதல் இடம் இதற்குத்தான். ஆனால் சரியாகக் கட்டத் தெரியாமல்தான் பாதிப்பேர் ‘வலை கட்டியும் கடிக்குது’ என்கிறார்கள்.

வாங்கும்போது ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். நீளவாக்கில் 12, குறுக்கே 13 இருந்தால் சதுர அங்குலத்துக்கு 156 கண்ணி ஆகிறது. கொசுவுக்கு அது போதும். பொடிப்பூச்சிக்கு அங்குலத்தில் 25 கண்ணியாவது வேண்டும். அப்படிப்பட்ட வலை காற்றையும் தடுக்கும். வைகாசியில் உள்ளே வெந்துபோவோம். எண்ணூருக்குப் போகிறவர்கள் மட்டும் அதைப் பற்றி யோசித்தால் போதும்.

அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. மூன்றடி வலையில் புரண்டால் முழங்கை வலையில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் கொசு வெளியிலிருந்தே உறிஞ்சிவிடும். ஒரு ஆளுக்கு நாலடி அகலம். உயரத்தில் நடப்பது வேறு தவறு. ஐந்தடி உயர வலையை ஐந்தடியிலேயே கட்டினால் அடியில் செருக ஒன்றும் மிஞ்சாது. நாலடியில் கட்டுங்கள், மிச்சமுள்ள ஒரு அடி முழுவதும் பாய்க்கு அடியில் போக வேண்டும்.

மொட்டை மாடியில் கட்ட ஆணி கிடைக்காது. நாலு பத்து லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் மணல் நிரப்பினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16 கிலோ வரும். ஒவ்வொன்றிலும் ஒரு அங்குல பி.வி.சி. பைப்பை அடிவரை இறக்கி நிறுத்துங்கள். அரை அங்குலப் பைப் வளையும். பைப் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு கயிற்றைக் கைப்பிடிச்சுவர்ப் பக்கம் இழுத்துக் கட்டாவிட்டால் நாலும் உள்ளே சாய்ந்து வலை மூஞ்சியில் விழும். கிழக்குப் பக்கம் கடல்காற்று வலையைப் பாய்மரம் போல உப்ப வைத்து, செருகியதை உருவிவிடும். அந்தப் பக்கம் மட்டும் பாயின் மேல் இரண்டு செங்கல் வையுங்கள். உருவிய மூலையைக் கவனிக்காமல் தூங்கினால், உள்ளே வந்த கொசு வெளியேறத் தெரியாமல் விடியும்வரை நம்மோடுதான். அது வலை இல்லாததைவிட மோசம். படுத்ததும் செல்போன் டார்ச்சை உள்பக்கமாக ஒரு சுற்று அடித்துப் பார்த்து, இருப்பதைக் கொசு பேட்டால் தீர்த்துவிட்டுக் கண்ணை மூடலாம். வெளியில் பேட்டைச் சுழற்றுவது கைக்கு உடற்பயிற்சி.

குடை போல விரியும் மடக்கு வலை சுலபம்தான். அடித்துணியும் ஜிப்பும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். எடை கிடையாது, பலத்த காற்றில் புரளும். உள்ளே நாலு மூலையிலும் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில் ஒவ்வொன்று போதும். ஜிப் பழுதானால் அந்த வலையின் ஆயுசு முடிந்தது.

கயிற்றுக் கட்டிலும் நைலான் பட்டைக் கட்டிலும் வேறு விதம். மேலே வலை, கீழே திறந்த பட்டை. கொசு அடியிலிருந்து முதுகில் குத்தும். பழைய லுங்கியோ மெல்லிய போர்வையோ அதைத் தடுக்காது. பாய், அதன்மேல் ஜமக்காளம், இரண்டுக்கும் நடுவே வலையின் ஓரம். கட்டிலின் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி குடியிருந்தால் வலை அதை உள்ளேயே வைத்துக் காப்பாற்றும்; கொதிக்கும் தண்ணீரை இடுக்குகளில் ஊற்றி வெயிலில் போட்டபிறகே மாடிக்கு ஏற்றவும்.

ஃபேன்

மாடியில் பிளக் இருக்கிறதென்றால் வலைக்குச் சரியான போட்டி இதுதான். காற்றில் கொசு நம்மேல் உட்கார முடியாது. நம் மூச்சுக்காற்றும் வியர்வை வாடையும் கலைந்துபோவதால் இருக்கும் இடத்தையும் லேசில் கண்டுபிடிக்காது. பொடிப்பூச்சி இன்னும் வலுவில்லாதது. ஃபேன் காற்றுக்குள் வரவே வராது. வலை தோற்கும் இடத்தில் ஃபேன் ஜெயிக்கிறது, புழுக்கமும் போகிறது.

வைக்கும் விதம் முக்கியம். ஸ்டாண்ட் ஃபேனை உயரத்தில் நிறுத்தி மேலிருந்து அடிக்கவிட்டால் தரையோடு கிடக்கும் கால்களுக்குக் காற்று போதாது. கணுக்காலும் பாதமும் விருந்தாகும். தண்டை முழுக்க இறக்கி, கால்மாட்டில் நாலைந்து அடி தள்ளி, காற்று பாதத்திலிருந்து தலைக்கு நீளவாக்கில் போகும்படி வையுங்கள். தலையாட்டக் கூடாது, ஃபேன் அந்தப் பக்கம் திரும்பும் சில நொடிகள் கொசுவுக்குப் போதும். போர்வைக்குள் கைகால் இருந்தால் கவலையில்லை, திறந்திருக்கும் இடமெல்லாம் காற்றில் இருக்க வேண்டும்.

55 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது. குறை இரண்டு. கரண்ட் போனால் அந்த நிமிடமே பாதுகாப்பும் போகும். பக்கத்தில் மூன்றாவது ஆள் படுத்தால் அவருக்குக் காற்று எட்டாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் செங்கல்மேல் வைத்து, ஓரமாகத் தள்ளிவிடுங்கள். பனியும் எதிர்பாராத தூறலும் மாடியில் சகஜம். ரீசார்ஜ் ஃபேன் வாங்குவதாக இருந்தால் குறைந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் என்பதை நம்ப வேண்டாம். கொசுவை விரட்டுவது அதிக வேகம்தான், அதில் எத்தனை மணி தாங்கும் என்று கேளுங்கள்.

வலையும் ஃபேனும் சேர்ந்தால்? கண்ணி காற்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஆகவே ஃபேனை வலைக்கு மூன்றடிக்குள் நெருக்கி வைக்க வேண்டும். குழந்தை படுக்கும் மாடிக்கு இந்தச் சேர்க்கையைத்தான் சொல்வோம். மற்றவர்களுக்கு ஒன்றே போதும்.

பூசுவது

ஓடோமாஸில் உள்ளது 12 சதவீத டைஈதைல் பென்ஸமைடு. டீட் (DEET) என்ற இன்னொரு கொசு விரட்டி மருந்து உள்ள க்ரீமும் ஸ்ப்ரேயும் வேறு பெயர்களில் கிடைக்கின்றன. 20 சதவீத டீட் சுமார் நாலைந்து மணி நேரம் தாங்கும். இரண்டுக்கும் பொது விதி: பூசிய இடத்துக்கு மட்டுமே காவல். காதுமடல், குதிகால், விரலிடுக்கு என்று விட்ட இடத்தைக் கொசு தேடிப் பிடிக்கும். வியர்வையைத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். ஈர உடம்பில் வழுக்கிக்கொண்டு போய்விடும். லேபிளில் போட்டிருக்கும் மணிக்கணக்கை வைகாசிப் புழுக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள். பத்து மணிக்குப் பூசினால் கொசு உச்சத்துக்கு வரும்போது பாதி அழிந்திருக்கும். தூக்கத்தில் யார் எழுந்து பூசுவது?

படுக்கைக்கு இது துணைதான். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, அதாவது தூண்டில்காரர்களுக்கு, இதுவே முதல் ஆயுதம். டீட் சில பிளாஸ்டிக்குகளை உருக்கும்: மூக்குக்கண்ணாடி, வாட்ச், செல்போன் கவர் தொடும்முன் உள்ளங்கையைத் துடையுங்கள். குழந்தைகளின் கையில் பூச வேண்டாம், கண்ணைக் கசக்கும். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசுவது அனாஃபிலிஸுக்கு ஓரளவு கேட்கும். நம்முடைய கியூலெக்ஸுக்கு அவ்வளவு இல்லை. எலுமிச்சைப்புல் எண்ணெயின் வாசனை மூக்குக்கு நல்லது, கொசு கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும்.

புகை

கொசுவர்த்தி சுமார் எட்டு மணி நேரம் எரியும், ஆனால் எரிவதும் காப்பதும் ஒன்றல்ல. அதிலுள்ள மருந்து ஒரு இடத்தில் தேங்கினால்தான் கொசு மயங்கும். வெளியில் காற்று இருந்தால் புகை அடுத்த மாடிக்குப் போகிறது; காற்று இல்லாவிட்டால் நேராக மேலே. காற்று வரும் திசையில், படுக்கைக்கு நாலடி முன்னால் வைத்தால் கொஞ்சம் பலன் உண்டு. காற்று திசை மாறினால் அதுவும் இல்லை. மூடிய அறையில் ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வெளியில் அவ்வளவு கெடுதல் இல்லை, அதே காரணத்தால் பலனும் இல்லை. பாய் நுனியில் சாம்பல் விழுந்து பற்றிக்கொள்ளும் அபாயம் மட்டும் குறையவில்லை. டீசல் கேனும் நைலான் வலையும் கிடக்கும் படகில் இதைக் கொளுத்தவே கூடாது. லிக்விட் மெஷின் மாடியில் சுத்த வீண்.

வேப்பிலை, நொச்சி மூட்டம் போட்டால் புகைக்குள் இருக்கும்வரை பூச்சி வராது, பொடிப்பூச்சி உட்பட. கால் மணிக்கொரு தரம் பச்சிலை போட ஆள் வேண்டும். அந்தியில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க உதவும், தூங்க உதவாது. முட்டை அட்டையைக் கொளுத்துவதும் அப்படித்தான், கண்ணெரிச்சல் கூடுதல்.

இடத்துக்கு ஏற்ப

கரண்ட் உள்ள மாடிக்கு ஃபேன். அடிக்கடி கரண்ட் போகிற தெரு என்றால் வலையைத் தயாராகக் கட்டி மேலே சுருட்டி வைத்துவிட்டு ஃபேன். கரண்ட் இல்லாத மாடிக்கு வலைதான், யோசனையே வேண்டாம். விசைப்படகில் கேபின் கம்பியிலிருந்து கயிறு இழுத்து வலை. மீன்பிடி வலையை இரண்டு மடிப்பாகப் போட்டுக்கொள்வது பலிக்காது, அதில் கொசு என்ன, வண்டே நுழையும். கிழிசலை அடைக்க மட்டும் வலைக்கூடத்தில் இருப்பவர்களிடம் கொடுங்கள், நைலான் நூலில் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். பென்சில் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தாலே கொசு வந்துவிடும்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு முழுக்கை, கணுக்காலில் சாக்ஸுக்குள் செருகிய பேன்ட், திறந்த இடத்தில் டீட். சேற்றோரத்தையும் அலையாத்திப் புதரையும் விட்டுக் காற்று படும் மணல்மேட்டில் உட்காருங்கள். பகலில் கணுக்காலில் ஊசி போலக் குத்தும் ஈ, வீட்டு ஈயைப் போலவேதான் இருக்கும். அதற்கும் அந்த சாக்ஸ்தான் மருந்து. மருந்து ஊட்டிய கொசுவலை வைத்திருப்பவர்கள் அதை அங்கே கழிமுகத் தண்ணீரில் அலசக் கூடாது. கொசுவைக் கொல்லும் அதே பைரித்ராய்டு இறாலையும் மீன்குஞ்சையும் கொல்லும். வீட்டில் பக்கெட்டில் சாதா சோப்பு போட்டு, கசக்காமல் அலசி, நிழலில் உலர்த்தினால் இருபது சலவை வரை மருந்து நிற்கும்.