ஒய்ஆர்1035+ மீட்டர்: ஸ்கூட்டர் பேட்டரிக்கு வாங்கலாமா?

25 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே ஏற்காடு மலைப்பாதையில் மின் ஸ்கூட்டர் அணைந்துபோகிறதா? மோட்டாரைத் திட்டுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். ஏதோ ஒரு செல் குரூப்பின் (பேரலலில் இணைத்த செல்களின் தொகுப்பு) உள்மின்தடை ஏறியிருக்கலாம். ஏற்றத்தில் கரன்ட் அதிகம் இழுக்கும்போது அந்த ஒன்றின் வோல்ட் மட்டும் சரியும், பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். உடனே கட் செய்துவிடும்.

அந்த மின்தடையை மில்லி ஓமில் அளப்பதுதான் ஒய்ஆர்1035+. 1 கிலோஹெர்ட்ஸ் ஏ.சி.யில், நான்கு வயர் முறையில் (கரன்டுக்கு இரண்டு, வோல்ட்டுக்கு இரண்டு) அளக்கிறது. சாதாரண மல்டிமீட்டரால் ஆகாத வேலை. கணக்கைப் பாருங்கள்: 20 மில்லி ஓம் செல்கள் பத்து பேரலலில் இருந்தால் 2.0 மில்லி ஓம் வரும். ஒரு செல்லின் வெல்டு விட்டுப்போனால் 2.2. இந்தச் சின்ன வித்தியாசத்தையும் காட்டுகிறது என்பதுதான் இதன் பெருமை. ஆனால் முனையைத் தளர்வாகப் பிடித்தாலே அந்த அளவு ஆடும். ஒவ்வொரு குரூப்பையும் மூன்று முறை அளக்க வேண்டும்.

பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு குரூப்பிலிருந்தும் பி.எம்.எஸ்.ஸுக்குப் போகும் வயர்களின் பிளக்) வைத்து அளப்பது வீண், மெல்லிய வயரின் தடையும் சேர்ந்துகொள்ளும். செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையிலேயே வையுங்கள். மோதிரம், வாட்சைக் கழற்றிவிடுங்கள். சேலத்துச் சித்திரை மதியத்தில் எடுத்த அளவையும் ஏற்காட்டுக் காலைக் குளிரில் எடுத்ததையும் ஒப்பிடக் கூடாது. குளிரில் தடை கூடும். ஒரே நேரத்தில் அளந்த குரூப்புகளுக்குள் எது விலகுகிறது என்பதே முக்கியம்.

இந்த மீட்டர் கோட்டைவிடுவது உள்கசிவை. மெல்ல ஷார்ட் ஆகும் செல்லும் நல்ல மில்லி ஓமையே காட்டும், ஆபத்தும் அதில்தான். அதற்கு முழு சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, பேலன்ஸ் பிளக்கைக் கழற்றி, குரூப் வோல்ட்களைக் குறியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மற்றவற்றைவிட 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறங்கிய குரூப்பை நம்பாதீர்கள்.

பழைய பேக் பிரிக்கும் மெக்கானிக்குக்கு இது அவசியம். ஓட்டுபவருக்கு வேண்டாம், சீல் செய்த பேக்கைத் திறந்தால் நீர்க்காப்பும் வாரண்டியும் போகும். செல் வோல்ட் காட்டும் ஆப் இருந்தால் அடிவாரத்தில் ஒருமுறை, வளைவு ஏறும்போது பின்னால் இருப்பவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நிற்கையில் செல்களுக்கிடையே 20 மில்லிவோல்ட்டாக இருந்த வித்தியாசம் ஏற்றத்தில் 200 ஆகி, வண்டியை நிறுத்தியதும் பழையபடி வந்தால் தடை கூடியிருக்கிறது. திரும்பவே இல்லையென்றால் கொள்ளளவு போய்விட்டது. எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியில் மட்டும் நிற்கும்போது பார்க்கும் கணக்கை முழு சார்ஜுக்கு அருகில் பாருங்கள். சார்ஜ் நடுவில் இருக்கும்போது எல்லா செல்லும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டில்தான் நிற்கும்.