மூவண்ண நாடாவும் ஒற்றைத் தாளும்: பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவை

கிராமத்துக் குழந்தைகளுக்காக வேலை செய்பவர்கள் தூக்கிக்கொண்டு அலைகிற சாமான்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், யோசிக்காமல் முவாக் டேப்பை எடுத்துக்கொள்வேன். குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க, மேல்கையின் (தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி) சுற்றளவை அளக்கிற மூவண்ண நாடா அது. எடை மிஷின், உயரப் பலகை, வளர்ச்சி அட்டை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியவள்தான் நான். அவற்றில் வரும் எண்ணை நான் படிப்பேன், நான் நோட்டில் எழுதுவேன். அதுவரை அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாடாவில் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று அவளே பார்த்துவிடுகிறாள். பல நேரம் எனக்கு முன்னாலேயே.

பொருள் என்று பார்த்தால் ரொம்பச் சாதாரணம். இழுத்தால் நீளாத மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. ஒரு முனையில் நாடாவை நுழைக்க ஒரு வெட்டு, பக்கத்திலேயே அளவைப் படிக்க ஒரு சின்ன ஜன்னல். 115 மி.மீ.க்குக் கீழே வந்தால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. 115-லிருந்து 125-க்குள் மஞ்சள். 125-ம் அதற்கு மேலும் பச்சை. 6 மாதம் முதல் 59 மாதம் வரை எல்லாக் குழந்தைக்கும் இதே கணக்குதான். வயதுக்கு வயது மாற வேண்டாமா என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் உயரமும் எடையும் எவ்வளவோ கூடினாலும் மேல்கைச் சுற்றளவு கொஞ்சம்தான் கூடுகிறது. அதனால்தான் ஒரே அளவுகோல் எல்லோருக்கும் ஓடுகிறது. பிறந்த தேதி யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, மாதக் கணக்குப் போட்டு அட்டையில் புள்ளி வைத்திருந்தால் இதன் அருமை புரியும்.

அளப்பது எப்படி? முழங்கையை மடக்கி, தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நாடாவைச் சுற்ற வேண்டும். முதல் தடவை அநேகமாக எல்லோரும் இறுக்கித்தான் பிடிப்பார்கள். சதை பிதுங்கினால் பச்சையில் இருக்க வேண்டிய குழந்தை மஞ்சளுக்குப் போய்விடும். தொளதொளவென்று விட்டால் மஞ்சள் பச்சையாகத் தெரியும், அது இன்னும் மோசம். நாடா சுற்றிலும் தோலைத் தொட வேண்டும், தோலில் மடிப்பு விழக் கூடாது, அவ்வளவுதான் பாடம். குழந்தை அழுது கையை முறுக்கினால் விட்டுவிடுங்கள், தூங்கும்போது அளந்துகொள்ளலாம். அந்தச் சலுகை வீட்டில் இருக்கும் தாய்க்குத்தான் உண்டு. முகாமில் நீண்ட வரிசையைச் சமாளிக்கும் பணியாளர் குழந்தை தூங்கும்வரை காத்திருக்க முடியுமா?

'படிக்காத பெண்கள் கையில் கொடுத்தால் அளவு தப்பாகிவிடாதா?' இந்தக் கேள்வியைப் படித்தவர்கள்தான் கேட்கிறார்கள். நைஜர் நாட்டில் அலிமா என்ற மருத்துவ அமைப்பு இதைச் செய்தே பார்த்துவிட்டது. ஒரு பகுதியில் 12,000-க்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நாடாவைப் பழக்கினார்கள். இன்னொரு பகுதியில் 36 சுகாதாரப் பணியாளர்களை வைத்து அதே வேலையைச் செய்தார்கள். 2016-ல் முடிவுகள் வெளிவந்தன. தாய்மார் அளந்த பகுதியில் குழந்தைகள் அவ்வளவு மெலிவதற்கு முன்பே சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள், மருத்துவமனையில் படுக்க வைக்க வேண்டிய நிலையும் குறைந்தது. செலவும் குறைவுதான். எப்போதாவது வந்து அளக்கிறவரைவிட, தினமும் குளிப்பாட்டுகிறவள் கையில் நாடா இருப்பது மேல் என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். முதலாவது, நாடாவுக்கு வீக்கம் தெரியாது. இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால், நாடாவில் பச்சை வந்தாலும் அந்தக் குழந்தைக்கு உடனே சிகிச்சை வேண்டும். பாதத்தை அழுத்திப் பார்க்கக் கற்றுத்தராமல் நாடாவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது அரைகுறை வேலை. அப்புறம், உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கண்டுபிடிக்கும் குழந்தைகளும் நாடா பிடிக்கும் குழந்தைகளும் எப்போதும் ஒரே ஆட்கள் இல்லை. அதனால் எடை மிஷினைப் பரணில் போட்டுவிடச் சொல்லவில்லை.

இன்னொன்று, நாடா எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு அமைப்பு (பெயர் வேண்டாம்) எங்களுக்குக் காகிதத்தில் பிரின்ட் எடுத்த நாடாக்களை ஒரு கட்டு அனுப்பியது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 115 என்று அச்சாகியிருந்த இடம் உண்மையில் 111-ல் இருந்தது. தாளுக்குள் அடங்க வேண்டும் என்று பிரின்டர் சுருக்கிவிட்டிருக்கிறது. உண்மையில் 113 உள்ள, சிவப்பில் வர வேண்டிய குழந்தை அந்த நாடாவில் மஞ்சளில் வந்துவிடும். மொத்தக் கட்டையும் கிழித்துப் போட்டோம். பழைய ஸ்டாக்கிலும் கவனம் தேவை. முன்பு சிவப்பின் எல்லை 110 ஆக இருந்தது, 2009-ல்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 115 என்று உயர்த்தின.

கல்விப் பக்கத்தில் இதற்கு ஜோடி என்று நான் நினைப்பது ஒரு ஒற்றைத் தாள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-ல் தொடங்கிய, கிராமத்துப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் அசர் கணக்கெடுப்பில் வருகிற வாசிப்புச் சோதனை அது. எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை, எல்லாம் ஒரே பக்கத்தில். பள்ளிக்குப் போகாமல் வீடுவீடாகப் போய்க் குழந்தையைப் படிக்கச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிற பையன் இந்தத் தாளில் மூன்றாவது சொல்லிலேயே நின்று அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான். புத்தகம் மனப்பாடம், இது புதுசு. அவன் திணறுகிறான் என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாவுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நாடாவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணை இந்தத் தாளுக்குக் கொடுக்க மாட்டேன். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. ஊர்க் கூட்டம் போட்டு, பள்ளியைக் கவனிக்க வேண்டிய ஊர்க் கல்விக் குழுவின் உரிமைகளைச் சொன்னார்கள், ஊராரே பிள்ளைகளைச் சோதித்து நிலவரத்தைத் தெரிந்துகொள்ளவும் வழி செய்தார்கள். அரசுப் பள்ளியில் ஒன்றும் அசையவில்லை. பெற்றோர் அங்கே போய்க் கேள்வி கேட்கவும் இல்லை. ஊர் இளைஞர்களுக்கு வாசிப்பு சொல்லித்தரும் முறையைப் பழக்கிய கிராமங்களில் மட்டும், அவர்கள் நடத்திய வகுப்புக்கு வந்த பிள்ளைகள் படிக்கக் கற்றார்கள். ஊராருக்கு அக்கறை இல்லை என்று சிலர் இதற்கு அர்த்தம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பள்ளியைத் தட்டிக் கேள் என்றபோது யாரும் நகரவில்லை, சாயங்காலம் வந்து இந்தப் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்றபோது ஆள் வந்தது. கைக்கு எட்டுகிற வேலையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நாடாவுக்கும் இதே நிபந்தனை உண்டு. சிவப்பு வந்தால் எந்தச் சுகாதார நிலையம், எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது, அங்கே சிகிச்சை உணவு இருப்பில் இருக்கிறதா, இதெல்லாம் தாய்க்கு நாடாவோடு சேர்ந்தே தெரிய வேண்டும். சிவப்பைப் பார்த்துப் பதறி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய், 'ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா' என்ற பதிலோடு திரும்பிய தாய் மறுபடி நாடாவைத் தொட மாட்டாள். நாடாவை வாங்கிக் குவிக்கும் அமைப்புகள் முதலில் சுகாதார நிலையத்தின் இருப்பை எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். தெருவுக்கு ஒன்று என்று வைத்தால் அது ஒரே வீட்டில் தங்கிவிடும். தயாரிக்கிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஜன்னலில் உள்ள அம்புக்குறியை இன்னும் பெரிதாகப் போடுங்கள். பாதிப் பாட்டிமார் அம்புக்குறியை விட்டுவிட்டு ஜன்னலின் ஓரத்தில் தெரிகிற நிறத்தைத்தான் படிக்கிறார்கள்.