பழைய அவுட்போர்டு: எஞ்சினுக்கு அரை நாள், போல்ட்டுக்கு ஒரு வாரம்

நண்பர் ஒருவர் கேட்கிறார்: நாலைந்து வருடம் கரையில் கிடந்த ஃபைபர் படகு, பின்னால் மாட்டும் 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரோடு (அதுதான் அவுட்போர்டு) பாதி விலைக்கு வருகிறது, வாங்கி நாமே சரி பண்ணிக்கொள்ளலாமா? எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போல்ட்டைப் பற்றித்தான்.

இந்த எஞ்சினில் கோளாறு பெரும்பாலும் சின்னதுதான். பெட்ரோல் காய்ந்து பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். புது பிளக் இரண்டு, ஃபியூல் ஹோஸ், கியர் ஆயில், அரை நாளில் முடிந்தது. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தால், தண்ணீரைத் தடுக்கும் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

தலைவலி இம்பெல்லரில் ஆரம்பிக்கும். கூலிங் தண்ணீரை ஏற்றும் ரப்பர் சக்கரம் அது, காய்ந்து வெடித்திருக்கும், மாற்றாமல் ஓட்டவே கூடாது. அதை எட்ட, ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கும் கீழ் கியர் பகுதியை இறக்க வேண்டும். நான்கோ ஐந்தோ போல்ட். சில மாடலில் ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் ட்ரிம் டேப் என்ற சின்னத் துடுப்புக்குள் ஒளிந்திருக்கும்.

எல்லாம் அலுமினியத்துக்குள் போன ஸ்டெயின்லெஸ். நடுவே உப்புநீர் புகுந்தால் இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி ஆகிவிடும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, ஊதிப்போய் மரையைக் கவ்விக்கொள்ளும். புதிதாக இறங்குபவர் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரே இழுப்பு இழுப்பார். போல்ட் கழுத்தோடு முறியும்.

முதலில் போல்ட் தலையில் நேராக நாலு தட்டு தட்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் பெட்ரோல் டேங்க்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டுங்கள். போல்ட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு. ஸ்டெயின்லெஸ்ஸைவிட அதுதான் அதிகம் விரியும். ஆறுமுனை சாக்கெட்டில் கொஞ்சம் கழற்றி, அதில் பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு மறுபடியும் கழற்றுங்கள். கிறீச்சிட்டால் நிறுத்துங்கள்.

அப்படியும் முறிந்தால் நட்டநடுவில் பஞ்ச் அடித்து 3 மி.மீ. துளையில் தொடங்குங்கள். துளி நடு தப்பினாலும் டிரில் பிட் கெட்டி ஸ்டெயின்லெஸ்ஸை விட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் வழுக்கிப் போய்விடும். அப்புறம் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட்டுத்தான் மரையை மீட்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட்டை அதன் சுழலும் திசையில் திருப்பிக்கொண்டே பம்ப் மூடியை இறக்குங்கள், இம்பெல்லர் இறக்கைகள் சரியாக மடியும். ஒவ்வொரு மரையிலும் மரைன் கிரீஸ். முன்னால் வைத்திருந்தவர் இதை மட்டும் செய்திருந்தால் இந்தப் பாடே இல்லை!

படகைப் பொறுத்தவரை, மோட்டார் மாட்டும் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் உள்ளே பிளைவுட் ஊறிப்போயிருக்கிறது. ஒட்டுப் போட ரெசின் கலப்பவர்கள், அது சீக்கிரம் இறுக விடும் கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர்.

இவ்வளவும் ஆனபின், லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் மரைன் ஆயில் கலந்து, கியர் பகுதியைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி இழுத்தால் இரண்டாவது இழுப்பில் பற்றிக்கொள்ளும். இதைவிட எளிய, உழைக்கும் எஞ்சின் இந்த விலையில் கிடையாது. சந்தேகமே இல்லை.

ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆசை விடவில்லையா, 10 எண் ஸ்பேனர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கூலிங் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடி போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள், விற்பவரே திருப்பட்டும்.